அழிக்கும் சாவியை ஏஜென்ட்டிடம் கொடுக்கலாமா?

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். எங்கள் அய்யா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்துக் கடிதங்கள், பேரேடுகள், கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து அமேசானின் இணையச் சேமிப்பான எஸ்3-இல் வைத்திருக்கிறோம். அறுபதாயிரம் கோப்புக்கு மேல் இருக்கும். ஒரே பக்கம் மூன்று நான்கு தடவை ஏறிக் கிடக்கிறது, மாதக் கட்டணமும் கூடுகிறது. சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம் விட்டால் ராத்திரிக்குள் வேண்டாததை அழித்துவிடும் என்கிறான் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி. விடலாமா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தேடுவதற்கு விடுங்கள் தம்பி. அழிப்பதற்கு, அழித்தாலும் திரும்ப எடுக்க வழி செய்துவிட்டு அப்புறம் விடுங்கள்.

காரைக்குடியில் நான் செய்வது இந்த ஸ்கேன் வேலைதான். போன வருடம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுப் பேரேடுகளை எடுத்தோம். வெற்றுப் பக்கங்களை நீக்கும் வேலையை ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். "சந்தேகமாக இருந்தால் அழிக்காதே" என்று எழுதியும் வைத்தேன். 212 பக்கங்களை நீக்கியது. அதில் ஒரு பக்கம் மஞ்சளித்த வெற்றுத்தாள். இடது ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டை, கீழ் மூலையில் மங்கிய பென்சிலில் ஒரே ஒரு வரி: பெண் பிறந்த நாளும் நட்சத்திரமும். அந்த வீட்டுப் பெரிய ஆச்சி முதலில் கேட்டதே அந்தத் தாளைத்தான். அவர் அப்பச்சி, அதாவது அப்பா, கைப்பட எழுதிய அவருடைய பிறந்த நாள் அது. பழைய பிரதிகளையும் காத்துவைக்கும் வெர்ஷனிங் வசதியைப் போட்டிருந்ததால் மீட்டுக் கொடுத்தேன். இல்லையென்றால் அவர் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

பென்சில் வரியைக் கறை என்று எடுத்துக்கொண்ட ஏஜென்ட்டுக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்தால்தானே நிற்கும்? அதனால் வாயால் சொல்லிவைப்பதை நம்பாமல், அனுமதியிலேயே பூட்டுங்கள்.

முதலில் பக்கெட்டில், அதாவது எஸ்3-இல் உங்கள் கோப்புகள் இருக்கும் பெட்டியில், வெர்ஷனிங்கைப் போடுங்கள். அதன்பிறகு சாதாரணமாக அழித்தால் கோப்பு போகாது, அழிக்கப்பட்டதாக ஒரு குறி மட்டும் மேலே விழும். குறியை எடுத்துவிட்டால் கோப்பு திரும்ப வந்துவிடும். ஆனால் ஒரு பிரதியின் வெர்ஷன் எண்ணைக் குறிப்பிட்டு அழித்தால் அந்தப் பிரதி அடியோடு போய்விடும். இரண்டுக்கும் அமேசானில் தனித்தனி அனுமதி உண்டு: டெலிட்ஆப்ஜெக்ட், டெலிட்ஆப்ஜெக்ட்வெர்ஷன். இரண்டாவதை ஏஜென்ட்டுக்குக் கொடுக்கவே கூடாது. உங்கள் சிங்கப்பூர்த் தம்பியின் சொந்தக் கணக்குச் சாவியையும் அதனிடம் கொடுக்க வேண்டாம். அதற்கென்று, அளவான அனுமதிகள் மட்டும் உள்ள ஒரு தனி ரோல் உண்டாக்குங்கள்.

இன்னொன்று. நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முகப்பை மட்டும் பூட்டி என்ன பயன்? எஸ்3-இல் பின்வாசல் லைஃப்சைக்கிள் விதி. "இத்தனை நாள் ஆனதை அழி" என்று அங்கே ஒரு விதி எழுதினால் அமேசானே அழித்துவிடும், ஏஜென்ட் ஒரு கோப்பையும் தொட வேண்டியதில்லை. அந்த விதியை மாற்றவும், வெர்ஷனிங்கை நிறுத்தவும் ஏஜென்ட்டுக்கு அனுமதி இருக்கக் கூடாது.

அப்புறம் வேலையைக் கொடுங்கள். பெயரைப் பார்த்து ஒப்பிட விடாதீர்கள். எந்தக் கேமராவும் 0001 என்றுதான் எண்ணத் தொடங்கும். உள்ளடக்கத்தின் ஹேஷை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, வைத்து ஒப்பிட்டுப் பட்டியல் தரச் சொல்லுங்கள். ஒரே கோப்பு மூன்று தடவை ஏறியிருந்தால் ஹேஷ் அச்சாக ஒத்துப்போகும், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தைரியமாக நீக்கலாம். அதே பக்கத்தை மறுபடி ஸ்கேன் எடுத்திருந்தால் ஹேஷ் மாறிவிடும். அங்கேதான் ஆள் வேண்டும். ஐம்பது ஐம்பதாகப் படங்களைத் திறந்து, வீட்டில் பழைய கையெழுத்து தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஆகும், ஆகட்டும்.

கட்டணம் உடனே குறையாது. குறி விழுந்த பழைய பிரதிகளுக்கும் காசு உண்டு. எல்லாம் சரி என்று தெரிந்தபின், 90 நாள் கழித்துப் பழைய பிரதிகளை நீக்கும் விதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

கேள்வி: நான் வைத்திருப்பது கூகுள் டிரைவ். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்குமே, அது போதாதா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: குப்பைத்தொட்டிக்குப் போனால்தானே அம்மா 30 நாள்? டிரைவில் நிரல் வழியாக வருகிற ஏஜென்ட் இரண்டு விதமாக நீக்கலாம். குப்பைத்தொட்டிக்கு நகர்த்துவது ஒன்று. நேரே நிரந்தரமாக அழிப்பது இன்னொன்று, அது தொட்டிக்கே வராது. உங்களுடையது எதைச் செய்கிறது என்று, வேண்டாத இரண்டு படங்களை வைத்து முதலில் சோதித்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கி, கணினியிலிருந்து கழற்றி எடுத்துப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.