வீடு விற்கவில்லையா? பார்த்துவிட்டுப் போனவரைக் கேளுங்கள்

கேள்வி: அப்பா கட்டிய வீட்டை விற்பனைக்கு விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பார்க்க ஆட்கள் வருகிறார்கள். “நல்ல வீடு, கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்” என்று போனவர்கள் திரும்பப் பேசுவதே இல்லை. அப்பா செலவழித்ததைக் கணக்குப் பார்த்துத்தான் விலை வைத்தோம். குறைத்தால் வீட்டில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்களாம், என் கணவர் சொல்கிறார். நாலைந்து தரகர்களிடம் சொல்லியாயிற்று. இன்னும் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: உங்கள் கணவர் எதற்குப் பயப்படுகிறாரோ அது நடந்து முடிந்துவிட்டதம்மா. ஒரு வருடமாக விலை போகாத வீடு என்றாலே, ‘நமக்கு முன்னால் பார்த்தவர்கள் எதையோ கண்டுபிடித்திருக்கிறார்கள்’ என்றுதான் வருகிறவர் நினைப்பார்.

ஆனால் ஆட்கள் வருகிறார்கள் என்கிறீர்களே, தரகில் தலை நரைத்த எனக்கு அது நல்ல செய்தி. யாருமே எட்டிப் பார்க்காவிட்டால் விலையோ விளம்பரமோ தப்பு. இரண்டாம் தரமும் வந்து, கொத்தனாரைக் கூட்டி வந்து தட்டிப் பார்த்துவிட்டு நழுவினால் பேரத்திலோ பத்திரத்திலோ சிக்கல். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரே தரத்தோடு நின்றுவிடுகிறார்கள். படத்தில் பார்த்த வீடு நேரில் இல்லை, அல்லது அதே விலைக்கு வேறெங்கோ நல்லதாகப் பார்த்துவிட்டார்கள்.

எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். போனவர்களில் சிலருக்குத் தரகரை விட்டு ஃபோன் போடச் சொல்லுங்கள். நீங்களே பேசினால் முகத்தாட்சண்யம் பார்ப்பார்கள். ‘ஏன் வேண்டாம் என்றீர்கள்?’ என்று கேட்டால் மழுப்பல்தான் கிடைக்கும். ‘கடைசியில் எந்த வீட்டை எடுத்தீர்கள், என்ன விலைக்கு முடிந்தது?’ என்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டை இன்று எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பது அந்தப் பதிலில் இருக்கும்.

அப்பா செலவழித்த கணக்கு வாங்குகிறவருக்குத் தேவையில்லை. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீங்கள் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இந்தக் கணக்கு உண்டு. 1990களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மையத்தில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2001-ல் எழுதினார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டி வந்தவர்கள், வரப்போகும் நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை தாங்கள் சொல்லும் விலையில் ஏற்றி வைத்தார்களாம். விற்கவும் கூடுதல் நாள் பிடித்தது. கொஞ்சம் கூடுதல் விலையும் கிடைத்தது, அதை நான் மறைக்கவில்லை. காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருக்கலாம்.

குறைப்பதென்றால் ஒரே தடவையில், கண்ணில் படும்படி குறையுங்கள். மாதாமாதம் கிள்ளிக் கிள்ளிக் குறைத்தால், பார்த்துக்கொண்டிருப்பவர் ‘இன்னும் இறங்கும்’ என்று உட்கார்ந்துவிடுவார். இணையத்தில் தேடுகிறவர்கள் ‘இவ்வளவுக்குள்’ என்று ஒரு முழுத் தொகையைப் போட்டுத்தான் தேடுவார்கள். அந்தத் தொகைக்கு ஒரு துளி மேலே நீங்கள் இருந்தால் அவர்கள் கண்ணுக்கே படமாட்டீர்கள்.

நாலைந்து தரகர் வேண்டாம். ஆளுக்கு ஒரு விலை சொல்வார்கள். ஒரே வீட்டை மூன்று விலையில் பார்த்த பார்ட்டி மிகக் குறைந்ததிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். ஒருவரிடம் கெடு வைத்துக் கொடுங்கள்.

வீட்டில் ஓதம் இருந்தால் அதன்மேல் பெயின்ட் அடித்து மூடாதீர்கள். புது பெயின்ட் வாசனை வந்ததும் விவரமானவர் முதலில் மேல்தளத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார். கசிவை அடைத்து, வேலை செய்த ரசீதை எடுத்துக் காட்டுங்கள். வருகிறவர்கள் பின்னாலேயே அறை அறையாகப் போய் அப்பா கதை சொல்லவும் வேண்டாம். தனியாக விட்டால்தான் அலமாரியைத் திறப்பார்கள், குழாயைத் திருகுவார்கள், தங்கள் கட்டில் எங்கே வரும் என்று பேசிக்கொள்வார்கள்.

கேள்வி: காலி வீடாகக் காட்டுவது நல்லதா, சாமான்களோடா?
– ஒரு வாசகர்

பதில்: இரண்டுக்கும் நடுவில். காலி அறை சிறியதாகத் தெரியும், அளவு பிடிக்கக் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. படுக்கையறையில் ஒரு கட்டில், கூடத்தில் இரண்டு நாற்காலி போதும். குடும்பப் படங்கள், கேடயங்கள், மேலே அடுக்கிய அட்டைப்பெட்டிகள் எல்லாம் வெளியே போகட்டும். பழைய விளம்பரப் படங்களையும் மாற்றுங்கள். குளியலறைக் கண்ணாடியில் படமெடுத்தவரின் தொப்பையோடு வந்த விளம்பரத்தை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வாடகைக்கு இருப்பவர் வீட்டைக் காட்டவே விடமாட்டேன் என்கிறார். வீடு எப்படி விற்கும்?
– இன்னொரு வாசகர்

பதில்: விற்கப் போவதை அவர் யார் மூலம் தெரிந்துகொண்டார்? தரகர் கதவைத் தட்டியபோது என்றால் கோபம் நியாயம்தான். நேரில் போய்ப் பேசுங்கள். முதலில் ‘நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா?’ என்று கேளுங்கள், அப்படி முடிந்த வீடுகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், சுவர் ஒட்டிய இடத்தின் அருமை அவருக்குத் தெரியும். இரண்டும் நடக்காவிட்டால், வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் காட்டலாம் என்று குடியிருப்பவரையே சொல்லச் சொல்லி, விற்கும்வரை வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். வருகிறவர் தண்ணீரைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் அவரிடம்தான் விசாரிப்பார். வாங்குகிறவரிடம் அட்வான்ஸ் வாங்கும் முன், இவர் காலி செய்யும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.