சப்ளை செயின் வேலையில் சேருமுன் மேலாளரைப் பாருங்கள்

மெக்கானிக்கல் முடித்து ஒரகடம், ஓசூர் பக்கம் சப்ளை செயின் டிரெய்னியாகச் சேரப்போகிறவர்கள் முதலில் கேட்பது, "எஸ்ஏபி கோர்ஸ் படிக்கணுமா சார்?" ஸ்டாக், ஆர்டர் கணக்கு வைக்கும் அந்த சாஃப்ட்வேரைச் சேர்ந்த பிறகுகூடப் பழகிக்கொள்ளலாம். அந்தக் கம்பெனியில் கெட்ட செய்தி சொன்னவனை எப்படி நடத்துகிறார்கள் என்பதைத்தான் ஆஃபரை ஒத்துக்கொள்ளும் முன் விசாரிக்க வேண்டும்.

ஏனென்றால் கெட்ட செய்தி சொல்வதுதான் உங்கள் அன்றாட வேலையே. சப்ளையரிடம் டை (பார்ட்டை வார்க்கும் அச்சு) உடைந்துவிட்டது. நாளை 2000 பிராக்கெட்டுக்குப் பதில் 1200தான் வரும். காலை மீட்டிங்கில் இதைச் சொன்னதும் மேலாளர் எகிறினால், அடுத்த முறை "வண்டி கிளம்பிடுச்சு சார்" என்று சமாளிப்பீர்கள். சப்ளையரும் உங்களிடம் அதையேதான் சொல்வார். லைன் நிற்கும்போதுதான் குட்டு உடையும். அந்தப் பயத்தில் பிளானிங் ஆள் 1000 தேவைக்கு 1100 போடுவார், சப்ளையர் தன் பங்குக்கு 1210க்கு மூலப்பொருள் எடுப்பார். குடோன் நிரம்பி வழியும். வேண்டிய பார்ட் மட்டும் இருக்காது.

டொயோட்டா லைனில் ஆபரேட்டர் கோளாறைக் கண்டு, அதற்கென்றே தொங்கும் கயிற்றை இழுத்தால் டீம் லீடர் ஓடி வருவார், திட்ட அல்ல, சரிசெய்ய. அதே பழக்கம் சப்ளையர் வரை போயிருந்தது. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியாவில் டொயோட்டாவின் சப்ளையரான ஐசினின் ஆலை எரிந்தது. டொயோட்டாவுக்கான பி-வால்வ் (பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் சிறு பார்ட்) கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்கே. கார் லைன்கள் நின்றன. ஐசின் வால்வ் வரைபடங்களை மற்ற கம்பெனிகளுக்குத் திறந்து கொடுத்தது. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூட வால்வ் செய்து கொடுத்தது. சுமார் ஒரு வாரத்தில் லைன்கள் மீண்டும் ஓடின.

கண்டிப்பான மேலாளர் என்றாலே பயந்துவிடாதீர்கள். கணக்கைக் கேட்டுக் கண்டிப்பவரிடம் தொழில் கற்கலாம். தங்கமான மனிதர், ஆனால் எந்த பார்ட்டுக்கு முன்னுரிமை என்று முடிவே சொல்லமாட்டார் என்றால் அதுவும் தலைவலிதான்.

இன்டர்வியூவில், "கடைசியாக லைன் நின்றபோது எத்தனை மணி நேரம் முன்பே தெரிந்தது?" என்று கேளுங்கள். பதிலில் ஆள் பெயர் மட்டும் வந்தால் உஷார். பிளான்டைச் சுற்றிக் காட்டினால் எந்த பார்ட் தட்டுப்பாடு என்று எழுதியிருக்கும் ஷார்ட்டேஜ் போர்டைப் பாருங்கள்: காரணம் என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் "சப்ளையர் தாமதம்" என்றிருந்தால், அங்கே யாரும் காரணம் தேடுவதில்லை. மாத டெஸ்பாட்சில் பாதி கடைசி வாரத்தில் போகிறதா என்றும் கேளுங்கள்; ஆமென்றால் மாதக் கடைசியில் உங்களுக்கு ஓட்டம்தான்.

பேமென்ட்டையும் விசாரியுங்கள். குறு, சிறு சப்ளையருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 120 நாள் இழுக்கிற கம்பெனிக்கு எந்தச் சப்ளையரும் முதலில் லோடு ஏற்றமாட்டார். அவரிடம் போனில் கெஞ்சுவது நீங்களாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? தட்டுப்பாட்டைச் சொல்லும்போது மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்: ஸ்டாக் எத்தனை மணி நேரம் தாங்கும், அடுத்த லோடு எப்போது, மாற்றாக எந்த மாடலை ஓட்டலாம். அப்படிச் சொல்லியும் ஆறு மாதமாக வசவுதான் பதில் என்றால், வேறு இடம் தேட ஆரம்பியுங்கள்.