வெள்ளம் வந்தால் ஆய்வகக் கிருமிகள் வெளியே வருமா? – கேள்வி பதில்

கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது ஆய்வகக் கிருமிகள் வெள்ளத்தில் கலந்ததாகச் சொன்னார்களே சார்?

அப்படிக் கிளம்பிய கொள்ளைநோய் எதுவும் இல்லை. அங்கே உயிரைக் குடித்தது விப்ரியோ. வெதுவெதுப்பான கடலோர நீரில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியா அது. 2005-ல் புயலுக்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் 22 பேருக்குத் தொற்றியது, 5 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காயத்தின் வழியே புகுந்தது. காலில் புண் இருந்தால் வெள்ளத்தில் இறங்காதீர்கள்.

நோய் ஏற்றிய குரங்குகள் தப்பி ஊருக்குள் வந்தால்?

2001 ஜூனில் அலிசன் புயல்மழை ஹூஸ்டனை மூழ்கடித்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 78 குரங்குகள் செத்தன. பேலர் மருத்துவக் கல்லூரியில் சுமார் 30,000 எலிகள். எல்லாம் அடித்தளத்தில், கூண்டுக்குள்ளேயே மூழ்கின. தப்பி ஓட அவற்றுக்கு வழியே இல்லை. வெள்ளம் வரும் ஊரில் விலங்குகளை அடித்தளத்தில் வைக்கவே கூடாது. ஜெனரேட்டரையும்தான்.

அப்படியானால் மழை வெள்ளத்தால் ஒரு கிருமிகூட வெளியேறியதில்லையா?

உண்டு. இங்கிலாந்தில் பிர்பிரைட், 2007. கோமாரி வைரஸைக் கையாளும் ஆய்வுக்கூடமும் தடுப்பூசி ஆலையும் ஒரே வளாகத்தில் இருந்தன. அவற்றின் கழிவுநீர், கடைசிச் சுத்திகரிப்புக்கு நிலத்தடிக் குழாயில் போகும். குழாய் பழையது, வெடிப்பு விட்டது, மரவேர்கள் புகுந்தது. ஜூலையில் கொட்டிய பெருமழையில் கழிவு மண்ணில் கசிந்திருக்கிறது. அங்கே கட்டுமான வேலைக்கு வந்த வண்டிகள் அந்தச் சேற்றை வெளியே கொண்டுபோயிருக்க வேண்டும் என்பதே விசாரணையின் முடிவு. ஆகஸ்ட் 3-ல் அருகிலிருந்த பண்ணை மாடுகளுக்குக் கோமாரி உறுதியானது. மொத்தம் 8 இடங்களில் பரவியது. குழாயை மாற்ற வேண்டும் என்பது முன்பே தெரியும். பணம் யார் தருவது என்ற இழுபறியில் வேலை நடக்கவில்லை.

அது மனிதர்களுக்கான நோயே இல்லை. குற்றம் குழாயுடையது, மழையுடையது அல்ல. ஏன் பீதி கிளப்புகிறீர்கள்?

குழாய் என்றுதான் நானும் சொல்கிறேன். மனித நோய் இல்லை என்பதும் சரி. ஆனால் மாடுகளை இழந்த பண்ணைக்காரருக்கு அது ஆறுதலா? மழை புதிதாக எந்த ஓட்டையையும் போடவில்லை, இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது. அதனால்தான் கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள் என்கிறேன்.

அதே வாசகர்: நவீன ஆய்வகங்களில் இதெல்லாம் நடக்காது.

2007 ஜூனில் அட்லாண்டாவில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புத்தம்புது உயர்பாதுகாப்புக் கட்டடத்தில் மின்னல் தாக்கி, மாற்று மின்சாரமும் கைகொடுக்காமல், சுமார் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாதபடி அழுத்தத்தைக் குறைத்து வைக்க மின்சாரம் வேண்டும். அங்கே இன்னும் கிருமி வேலை தொடங்கியிருக்கவில்லை, அதனால் ஆபத்து இல்லை. கட்டடம் புதிது என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த காலரா ஆய்வகத்திலிருந்தா?

இல்லை. ஐ.நா. அமைதிப்படை முகாமின் மலக்கழிவு ஆற்றில் கலந்தது. இங்கேயும் கழிவுதான்.

குரங்கு தப்பித்தால் என்ன செய்வது சார்?

மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கத்ரீனாவில் ஆய்வகக் கிருமி…

முதல் பதிலைப் பாருங்கள். மறுபடியும் எழுத மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் வெள்ளநீர் புகுந்துவிட்டது. குளோரின் எவ்வளவு போட வேண்டும்?

கிணற்றின் அளவு தெரியாமல் சொல்வது தப்பு. உங்கள் பகுதி சுகாதார ஆய்வாளரை வரச் சொல்லுங்கள், அளந்து போடுவார். அதுவரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். முக்கியமாக, பக்கத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறதா பாருங்கள்.