இருநூறு ரூபாய்ச் சந்தா

கேள்வி: எங்கள் கலைஞர் சங்கம் மாதச் சந்தாவை 50 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்த்தத் தீர்மானித்துள்ளது. மார்கழியில் கல்யாண மேளம் இல்லை, மாரிமழை தொடங்கினால் மேடை நிகழ்ச்சியும் இல்லை. எதிர்த்துக் கையொப்பம் திரட்டுகிறோம். உங்கள் சஞ்சிகை ஆதரவு தருமா?
– தவில் கலைஞர் ஒருவர், தம்பலகாமம்

பதில்: தராது. உங்கள் கஷ்டத்தை மறுப்பதற்கில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கும் நாதஸ்வரத்தில் பொருத்தி ஊதும் சீவாளி முதல் இசைக்குழுவின் கீபோர்ட் வரை எல்லாவற்றின் விலையும் ஏறியது. ஆனால் அந்தச் செலவுக்கு ஈடாகச் சம்பளத்தை உயர்த்தும்படி, திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரரிடமும் மண்டப உரிமையாளரிடமும் உங்கள் சார்பில் பேசியிருக்க வேண்டியவர் யார்? சங்கம்தான். அது பேசவில்லை, பேசும் நிலையிலும் அது இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஆண்டு விழா மலரைப் புரட்டினாலே போதும். நன்கொடையாளர் பட்டியலில் மண்டப உரிமையாளர்களும் ஒலியமைப்பு ஒப்பந்தக்காரர்களும் ஆலய நிர்வாகத்தினரும் வரிசையாக நிற்கிறார்கள். எவரிடம் கூலி கேட்க வேண்டுமோ அவரிடமே விழாவுக்குப் பணம் வாங்கிய சங்கம், பங்குனியில் திருக்கோணேஸ்வரத்தில் கொடியேறியதும் அடுத்தடுத்துக் கிடைக்கும் மேளத்துக்கு என்ன சம்பளம் என்று அதே மனிதரிடம் நிமிர்ந்து நின்று கேட்குமென எதிர்பார்ப்பது வீண். 50 ரூபாய்ச் சந்தாவால் உங்கள் சட்டைப்பையில் மாதம் 150 ரூபாய் மிஞ்சுகிறது என்பது உண்மை. அந்த மிச்சத்துக்கான விலையை ஒவ்வொரு திருவிழாச் சம்பளத்திலும் நீங்களே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 2020இலும் 2021இலும் கொரோனாக் கட்டுப்பாடுகளால் திருவிழாக்கள் சுருங்கியபோது, வீட்டில் அடுப்பெரியாத அங்கத்தவருக்குக் கைகொடுக்க இத்தகைய சங்கங்களிடம் இருந்தது அனுதாபக் கடிதம் மட்டுமே.

அமெரிக்க மேடை நடிகர்களின் ஆக்டர்ஸ் ஈக்விற்றி சங்கம் 1913இல் தொடங்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் அதனைப் பேச்சுக்குரிய தரப்பாக ஏற்றது, 1919இல் ஏறக்குறைய ஒரு மாதம் நாடக அரங்குகளை மூடவைத்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான். இன்றும் அங்கே அங்கத்தவர் அடிப்படைச் சந்தாவோடு, மேடையில் உழைத்த சம்பளத்தில் ஒரு வீதத்தையும் செலுத்துகிறார்கள். வேலை கிடைக்காத மாதத்தில் அந்த வீதம் இல்லை.

உங்கள் குறையில் நியாயமான பகுதி இதுதான். வெளிநாடு சென்று கச்சேரி செய்து திரும்பும் வித்துவானுக்கும், சுருதிக்கு ஒத்து வாசிக்கும் இளைஞனுக்கும், ஆண்டில் இரண்டு இரவு ஆடும் கூத்துக் கலைஞருக்கும் ஒரே 200 ரூபாய் என்பது பாரபட்சமே. (இதனை ஏன் செயற்குழு யோசிக்கவில்லை என்று கேட்காதீர்கள், அங்கே கூத்துக்காரர் எத்தனை பேர் என்று பாருங்கள்.) ஆகவே சிறிய அடிப்படைத் தொகையும், ஒப்புக்கொண்ட மேளத்தின் சம்பளத்திலிருந்து ஒரு வீதமும் என்ற திருத்தத்தைப் பொதுக்கூட்டத்தில் முன்வையுங்கள். மொத்த வரவு குறையக்கூடாது. சுமை மட்டும் இடம் மாறட்டும்.

கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற சங்கமாயின், அது பதிவாளருக்கு ஆண்டுதோறும் வரவு செலவுக் கூற்று அனுப்பக் கடமைப்பட்டது. பொருளாளர் இழுத்தடித்தால் அதனைக் காரணம் காட்டிப் போராடுங்கள், கூடவே நிற்கிறோம்.

கையொப்பக் கடிதத்தைத் தாராளமாக அனுப்புங்கள், ஒரு வரிகூட வெட்டாமல் பிரசுரிப்போம். அதனுடன் சென்ற ஆண்டின் நன்கொடையாளர் பட்டியலையும் இணைத்தனுப்புங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்.