மூன்று மாடிக்கு மூன்று பெட்டி, அப்படியும் நெட் வரலையா? மெஷ் வைஃபை கேள்வி-பதில்

கேள்வி: தண்டையார்பேட்டையில் 15 அடி அகலம், 50 அடி நீள மனையில் மூன்று தள வீடு. கீழே தெருப்பக்க அறையில் ஃபைபர் மோடம், 200 எம்பிபிஎஸ் பிளான். மூன்று பெட்டி மெஷ் செட் (ஒரே வைஃபையைப் பெட்டிக்குப் பெட்டி கடத்தி வீடு முழுக்கப் பரப்புவது) வாங்கித் தளத்துக்கு ஒன்று வைத்தோம். கீழே 190 காட்டுகிறது, மேல்தளத்தில் 20-ஐத் தாண்டவில்லை. இன்னொரு பெட்டி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான்காவது பெட்டி வந்தால் நிலைமை மோசமாகத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள்) மட்டும் உள்ள மெஷ் பெட்டி, வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் செய்கிறது. அதனால் பெட்டியிலிருந்து பெட்டிக்கு ஒவ்வொரு தாவலிலும் கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். போதாததற்கு நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இரண்டு.

நெட் கிடைக்காத அறையிலேயே பெட்டியை வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கீழ்ப் பெட்டியின் சிக்னல் மைனஸ் 65 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) குறையாத இடத்தில் அடுத்ததை வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் செயலி போட்டால் அளவு தெரியும். மைனஸ் 70-க்குக் கீழே போனால் இன்னும் கிட்டே கொண்டுவர வேண்டும். இப்படி ஒடுங்கி நீண்ட வீட்டில் படிக்கட்டுத் திறப்புதான் அலை ஏறும் வழி. மூன்று பெட்டிகளும் அந்தத் திறப்பை ஒட்டி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கட்டும். கோணலாக வைத்தால் அலை கான்கிரீட்டுக்குள் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கும். ஸ்டீல் பீரோ, ஃபிரிட்ஜ், முகம் பார்க்கும் கண்ணாடி பக்கம் வேண்டாம். (ராயபுரத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கதை வேறு. தேக்கு உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் கூரை, கம்பி கிடையாது. மறிப்பது தடித்த சுவர்தான். அங்கே வாசற்கால்களின் நேர்கோட்டில் வையுங்கள்.)

இதெல்லாம் ஒட்டுவேலை. நிரந்தரத் தீர்வு லேன் கேபிள். படிக்கட்டுச் சுவரோரமாக கேட்6 வகை லேன் கேபிள் இழுத்தால் உங்கள் வீட்டுக்கு 30 மீட்டர் தாராளம். முழுச் செம்பா என்று பார்த்து வாங்குங்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம். அது மலிவு, சீக்கிரம் முறியும். மேல் பெட்டிகளுக்குப் போகும் கேபிள் முதல் மெஷ் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து கிளம்ப வேண்டும். போர்ட் போதாவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்விட்ச், அதாவது ஒரு லேன் போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி. மோடத்தில் நேராகச் செருகிவிடாதீர்கள். முதல் பெட்டி ரவுட்டராக (வீட்டு நெட்வொர்க்கை நடத்தும் கருவியாக) ஓடும்போது அப்படிச் செய்தால், மேல் பெட்டி வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே நின்றுவிடும்.

கேள்வி: காசிமேட்டில் வீடு. கேபிள் போட்டும் 94-க்கு மேல் ஏறவில்லை. முதலில் 200 வந்தது.

பதில்: 90-க்கும் 95-க்கும் நடுவில் சிக்கிக்கொண்டால் அது 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்று அர்த்தம். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளே போதும். ஆகவே நீலத்திலோ பழுப்பிலோ தொடர்பு விட்டிருக்கும். கேபிள் டெஸ்டரில் 4, 5, 7, 8 விளக்குகளைப் பாருங்கள். கடல் காற்றில் ஆர்ஜே45 முனையின் (கேபிள் நுனியில் உள்ள பிளாஸ்டிக் பிளக்) ஊசிகள் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. கேபிளை ஓர் அங்குலம் வெட்டிப் புது முனையை கிரிம்ப் (கருவியால் அழுத்திப் பொருத்துவது) செய்யுங்கள். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதேதான். புதிதாக ஏதாவது ஸ்விட்ச் சேர்த்திருந்தால் அது 100 எம்பிபிஎஸ் வகையா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மெஷ் போட்டதிலிருந்து போனில் பிரின்டர் தெரிவதில்லை. வியாசர்பாடி.

பதில்: பிரின்டர் இன்னும் மோடத்தின் பழைய வைஃபையில் இருக்கும், போன் மெஷ்ஷில் இருக்கும். மோடம், மெஷ் இரண்டும் ரவுட்டராக ஓடுவதால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க். மெஷ் செயலியில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு (ரவுட்டர் வேலையை மோடத்திடம் விட்டு, வைஃபை மட்டும் தருவது) மாற்றி, மோடத்தின் வைஃபையை அணைத்து, பிரின்டரை மெஷ்ஷில் சேருங்கள். மோடத்தை பிரிட்ஜ் ஆக்கவும் (ரவுட்டர் வேலையை மெஷ்ஷிடம் விட்டு, மோடம் இணைப்பை மட்டும் கடத்துவது) செய்யலாம். ஆனால் நெட் இணைப்பில் நுழைய வேண்டிய பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், வீலேன் எண் ஆகியவற்றை நெட் நிறுவனத்திடம் கேட்டு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மோடத்தின் ரீசெட் துளையில் மட்டும் ஊசி போடாதீர்கள். நிறுவனத்தின் அமைப்பு அழிந்தால் ஆள் வரும்வரை நெட் கிடையாது.

கேள்வி: ஸ்மார்ட் பிளக் சேரவே இல்லை. திருவொற்றியூர்.

பதில்: பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். சேர்க்கும்போது 5-ஐ அணைத்துவிட்டு, முடிந்ததும் போடுங்கள். வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 (புதியது) மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-வும் (பழையது) ஏற்கும்படி மாற்றுங்கள்.

கேள்வி: கரன்ட் போனால் மோடத்துக்கு மினி யூபிஎஸ் இருந்தும் மாடியில் நெட் போய்விடுகிறது. கொருக்குப்பேட்டை.

பதில்: வழியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் வேண்டும்: முதல் பெட்டி, ஸ்விட்ச், மாடிப் பெட்டி. அடாப்டர்களில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்; 9 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடலாம். கரன்ட் வந்தபின் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒரு நிமிடம் தாமதமானால் பயப்படாதீர்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) ரேடார் சிக்னல் இருக்கிறதா என்று முதலில் காதுகொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி பேசத் தொடங்கும். காத்திருக்க முடியாதென்றால் சேனலை 36 ஆக வையுங்கள்.