சிவப்புச் சட்டை போதாது
வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (பெரம்பூர்): 2080-ல் நடக்கும் டிஸ்டோபியா (எதிர்காலக் கொடுங்கோல் உலகம்) சிறுகதை எழுதினேன். சென்னையில் எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிற உடை. நாயகன் ஒருநாள் சிவப்புச் சட்டையில் வெளியே வருகிறான், கைதாகிறான். படித்தவர்கள் எல்லோரும் ‘எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு’ என்கிறார்கள். எங்கே கோட்டை விட்டேன்?

பதில்: சட்டையில்தான். உங்கள் நாயகன் முதல் பக்கத்திலேயே வீரன், மற்றவர்கள் ஆட்டு மந்தை. அதற்குப் பிறகு கைதைத் தவிர நடக்க ஒன்றுமில்லை.

இந்த வகைக்கு முன்னோடியான, ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதினின் ‘We’ நாவலைப் பாருங்கள். 1920-21ல் ரஷ்ய மொழியில் எழுதி, 1924-ல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் முதலில் அச்சானது. அதில் டி-503 என்கிற பொறியாளர் அரசைப் புகழத்தான் எழுத உட்காருகிறார். கண்ணாடிச் சுவர் வீடு, ஒரு வாய் சோற்றை ஐம்பது முறை மெல்ல வேண்டும் என்ற விதி, சொந்த நேரம் என்று நாளுக்கு இரண்டே மணி... எல்லாம் அவருக்கு அழகாகவே தெரிகிறது. எழுத எழுத ‘நான்’ எட்டிப் பார்க்கிறது. பயந்து டாக்டரிடம் போனால், ‘உங்களுக்கு ஆன்மா உண்டாகிவிட்டது’ என்கிறார், காய்ச்சல் என்று சொல்வதுபோல.

நாவலின் தலைப்பு ரஷ்ய மொழியில் ஒரே சொல். தமிழில் அதை ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது வசதி. கதைசொல்லி ‘நாம்’ என்று ஆரம்பிக்கட்டும், எல்லோரும் உள்ளே. நடுவில் எங்கோ ‘நாங்கள்’ ஆகட்டும். யாரோ வெளியே போயிருக்கிறார்கள். ‘நான்’ கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு முறை வந்தால் போதும்.

அடுத்து, விதிக்குக் காரணம் வேண்டும். சாம்பல் உடையால் யாருக்கு என்ன லாபம்? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஊரே குடத்தோடு லாரிக்கு நின்றது. அங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் 2080-ல், மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு ஒரு வீடு வராவிட்டால், தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு குடம் குறையும். இனி போலீஸே தேவையில்லை. ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்று நாம் பயப்படுகிற அந்த நாலு பேரே கதவைத் தட்டுவார்கள். உங்கள் நாயகன் முதலில் தட்டுகிறவனாக இருக்கட்டும். அவன் மீறும்போது எதிர்வீட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் குறையட்டும். வாசகர் அவன் பக்கம் சுலபமாகச் சாய முடியாது.

மீறலும் சின்னதாகவே இருக்கட்டும். ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் நாயகன் வின்ஸ்டனின் கலகம் பழைய சாமான் கடையில் இரண்டரை டாலருக்கு வாங்கிய ஒரு நோட்டும், வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கும் டெலிஸ்கிரீன் திரையின் கண்ணில் படாத ஒரு சுவர் மூலையும்தான். டைரி எழுதுவது சட்டவிரோதம்கூட அல்ல. அங்கே சட்டமே கிடையாது. பிடிபட்டால் மரணம் அல்லது 25 வருடம் உழைப்பு முகாம், அவ்வளவே.

கேள்வி (மயிலாப்பூர்): ஆர்வெல், ஹக்ஸ்லி இருவரும் ஒரே விஷயத்தைத்தானே சொல்கிறார்கள்?

பதில்: ஆர்வெல்லிடம் வலி ஆள்கிறது, ஹக்ஸ்லியிடம் சுகம். ஹக்ஸ்லியின் 1932 நாவலான ‘Brave New World’-ல் ஒரு கருமுட்டையிலிருந்து 96 இரட்டையர்கள் வரை தயாராகிறார்கள். மனம் சுணங்கினால் சோமா மாத்திரை. கவனிக்க வேண்டியவர் பெர்னார்ட் மார்க்ஸ். குள்ளம் என்று மற்றவர்கள் ஒதுக்குவதால் சமூகத்தைத் திட்டிக்கொண்டிருப்பவர், திடீர்ப் புகழ் வந்ததும் அதே சமூகத்தோடு ஒட்டிக்கொள்கிறார். எதிர்ப்பு வேறு, இடம் கிடைக்காத ஆதங்கம் வேறு. நம் கதைகளில் பல ‘புரட்சிக்காரர்கள்’ பெர்னார்டுகள்தான், எழுதுகிறவர்களுக்கே தெரியாமல்.

கேள்வி (வேளச்சேரி): தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

பதில்: சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஜீவா ஆளும் நாட்டில் யாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி. பெயரைச் செல்லப் பெயர் போலக் குறுக்கிவிட்டதில்தான் குறும்பு. படிக்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் அது கொடுமை என்றே உறைக்காது. அதில் தனக்கென்று யோசிக்கிற முக்கிய ஆசாமி ஜீனோ. அது ஒரு நாய், அதுவும் இயந்திர நாய்.