கொரியப் போர்முனையின் இரவுகள்: கேள்வி பதில்

கொரியப் போரின் கடைசி இரண்டு வருடங்களில் போர்முனை பெரிதாக நகரவில்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில:

பேச்சுவார்த்தை தொடங்கிய பிறகும் ஏன் இரண்டு வருடம் சண்டை? (ஓசூர்)

ஐ.நா. படைத் தரப்பும் எதிரில் நின்ற வட கொரிய, சீனத் தரப்பும் 1951 ஜூலை 10 அன்று கொரியாவின் கேசோங் நகரில் பேச உட்கார்ந்தார்கள். பிறகு பக்கத்துக் கிராமமான பன்முன்ஜோமுக்கு மாறினார்கள். எல்லைக்கோடு பற்றி அந்த நவம்பரிலேயே உடன்பாடு வந்துவிட்டது. இழுத்தடித்தது கைதிகள் விவகாரம்தான். ஊர் திரும்ப விரும்பாத கைதியைக் கட்டாயமாக அனுப்பலாமா, கூடாதா என்ற வாதம் முடிகிற வரை சிப்பாய் பதுங்குகுழியில் கிடந்தான்.

கோடு நகராதபோது அங்கே அன்றாடம் என்னதான் வேலை? (திருச்சி)

பகலில் தலையை வெளியே நீட்டினால் எதிர்க்குன்றிலிருந்து மோர்ட்டார் குண்டு வரும். அதனால் தூக்கம், துப்பாக்கி துடைப்பது, மணல் மூட்டை அடுக்குவது. சாப்பாடும் குண்டுகளும் கொரியச் சுமைதூக்கிகளின் முதுகில் மேலேறின. ‘சிகே’ என்ற மரச்சட்டத்தில் சுமையைக் கட்டிக்கொண்டு செங்குத்துக் குன்றில் ஏறிய இவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அசல் போர் இருட்டிய பிறகுதான்.

ரோந்து என்றால் சும்மா சுற்றி வருவதா? (கோவை)

அப்படியிருந்தால் தேவலையே! எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வருவது ஒரு வகை. முள்கம்பிக்கு வெளியே படுத்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது இன்னொரு வகை. மோதவென்றே போவதும், உயிரோடு ஒரு கைதியைப் பிடித்து வரப் போவதும் உண்டு. கைதி கிடைப்பது அபூர்வம். ஆனால் தலைமையகம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கிளம்பும் முன் ஒவ்வொருவனையும் குதிக்கச் சொல்வார்கள். ஏதாவது கலகலத்தால் அதை டேப் போட்டு ஒட்ட வேண்டும். முகத்தில் கரி. பனிக்காலமானால் மேலே வெள்ளை உடுப்பு. பிறகு தங்கள் பக்கக் கண்ணிவெடி வயலில் விட்டிருக்கும் வழியாக, ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்தாக்குக்கு இறங்குவார்கள். இருட்டில் அந்த வழி தவறினால் சொந்த வெடியே காலை எடுத்துவிடும். திரும்பும்போதும் நிம்மதி கிடையாது: பதறிய காவல்காரனுக்கு அடையாளச் சொல் கேட்பதற்குள் விரல் விசையை அழுத்திவிடும்.

குளிர் எப்படி? (நாகர்கோவில்)

பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாண்டும். துப்பாக்கி எண்ணெய் இறுகி, சுடும் நேரத்தில் மக்கர் செய்யும். தூக்கப் பையின் ஜிப்பை முழுக்க இழுத்து மூடவும் பயம். திடீர்த் தாக்குதலில் பைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு செத்தவர்கள் உண்டு.

எலித் தொல்லை? (சேலம்)

தொல்லை மட்டுமா, நோயும்தான். காய்ச்சலும் ரத்தக்கசிவும் வந்து சிறுநீரகம் பழுதாகும். ஐ.நா. படையில் 3,000 பேருக்கு மேல் படுத்தார்கள். வயல் எலி பரப்பும் அந்த வைரஸைக் கண்டுபிடித்தது போருக்குப் பல வருடம் கழித்துத்தான். அந்தப் பக்கம் ஓடும் ஹந்தான் ஆற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இந்தியர்கள் யாரும் சண்டை போட்டார்களா? (சென்னை)

இல்லை. சண்டைப் படை அனுப்ப நேரு சம்மதிக்கவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு மட்டும் போனது. அதில் ஒரு சிறு குழு 1951 மார்ச்சில் அமெரிக்க வீரர்களோடு முன்சான் அருகே பாராசூட்டில் குதித்தது. போர் நின்ற பிறகு, அந்தக் கைதிகள் பஞ்சாயத்தைக் கவனித்த நடுநிலை ஆணையத்துக்குத் தலைவர் நம் ஜெனரல் திம்மையா. அது தனிக் கதை, வேறொரு நாள் கேளுங்கள்.